ஆற்றுக்கு நடுவே நின்றவர்கள்

ஜூன் 12, புதன்

நடுப்படுகை தொடக்கப் பள்ளியில் இன்று பணியில் சேர்ந்தேன்.

மேலக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கொள்ளிடக் கரைமேல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் படகுத்துறை. துறை என்றால் படிக்கட்டு, மண்டபம் எதுவும் கிடையாது. மணலில் நட்ட ஒரு மூங்கில், அவ்வளவுதான். ஆறு இந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஐந்து கிலோமீட்டர் போய் மறுபடி சேர்கிறது. நடுவில் கிடக்கும் திட்டில் நூற்று நாற்பது வீடு, வாழை, கரும்பு, ஒரு பள்ளிக்கூடம். தெற்குக் கிளையைக் கோடையில் நடந்தே கடக்கலாமாம். வடக்கில் எப்போதும் ஆழம். அதனால் படகு.

படகு அந்தக் கரையில் நின்றது. இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடும் என்று டீக்கடையில் சொல்லியிருந்தார்கள். நான் கையை ஆட்டினேன். குடையை விரித்து ஆட்டினேன். நாற்பது நிமிடம் நின்றேன். பிறகு பால் கேனோடு ஒருவர் வந்து, "ஓ... கொளஞ்சீ!" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டார். படகு புறப்பட்டது.

ஓட்டி வந்தது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. "எம்மா நேரமா நிக்கிறீங்க டீச்சர்? ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருப்பேன்ல" என்றார்.

"தொண்டை கட்டியிருக்கு" என்றேன். அதைக் கேட்கவே அவர் குனிய வேண்டியிருந்தது.

"கசாயம் வச்சுக் குடிங்க. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

தலையாட்டினேன்.

தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் சார் நல்லவராகத் தெரிகிறார். பள்ளிக்கு இது நூறாவது ஆண்டு. அக்டோபரில் விழா, அதற்கு ஒரு மலர். ஊரின் வரலாறு, நிலம், மக்கள் பற்றி என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். "பேசுறதுதானே உங்களுக்குச் சிரமம், எழுதுறது இல்லையே" என்றார். சொன்னவுடன் தப்பாகப் பேசிவிட்டோமோ என்று முகம் மாறினார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கழுத்து மூடின ரவிக்கை நான்கு தைத்து வைத்திருக்கிறேன். இந்த வெயிலுக்கு அது மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் துறையில் அரை மணி நேரம். திங்களன்று முன்கூட்டியே கிளம்ப வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

மூன்றாம், நான்காம் வகுப்புகள் எனக்கு. இரண்டும் ஒரே அறையில், முப்பத்தொரு பிள்ளைகள். பேசுவதைக் குறைக்கக் கைச் சைகைகள் சொல்லிக்கொடுத்தேன். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் உட்கார வேண்டும். இரண்டு விரல் காட்டினால் இருவர் இருவராகக் கைபிடிக்க வேண்டும்.

நான் கேட்காத ஒன்றைப் பிள்ளைகள் தாங்களாகவே செய்தார்கள். நான் எந்த அளவில் பேசுகிறேனோ அதே அளவில் அவர்களும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாம் வாய்ப்பாட்டை முப்பத்தொரு பேரும் ரகசியம் போலச் சொன்னார்கள். சத்தமே இல்லையே என்று அமிர்தலிங்கம் சார் பதறிப்போய் வந்து எட்டிப் பார்த்தார். கனிஷ்கா என்கிற பெண் எழுந்து, "சார், பாடம் நடக்குது" என்று அவரிடமும் ரகசியமாகவே சொன்னாள்.

பழைய பள்ளியில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூன் 29, சனி

சனிக்கிழமையானாலும் மலர் வேலையாக வந்தேன். ஊர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை. வைரக்கண்ணு என்பவர், ஆறு ஏக்கர் வாழை வைத்திருக்கிறார், பேச்சில் அடங்காதவர். "எழுதிக்குங்க டீச்சர். எங்க பாட்டன் முப்பாட்டனுக்கு ராசா பட்டயம் போட்டுக் குடுத்த மண்ணு இது" என்றார். பட்டயம் எங்கே என்றேன். "வெள்ளத்துல போச்சு." பக்கத்தில் நின்ற அவர் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம் ஒன்றுதான். ஊர் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. மேற்கே ஆறு அரிக்க அரிக்க, வீடுகள் கிழக்கே நகர்ந்திருக்கின்றன. பழைய ஊரின் உறைகிணறு இப்போது நடு ஆற்று மணலில் நிற்கிறது.

திரும்பும்போது படகில் கொளஞ்சி அக்காவிடமும் கேட்டேன். கழியை ஊன்றித் தள்ளிவிட்டுச் சொன்னார்: "பட்டயமாவது ஒண்ணாவது. ஆத்துக்கு இந்தப் பக்கமும் எடமில்ல, அந்தப் பக்கமும் எடமில்லன்னு தொரத்துனவங்க எல்லாம் நடுவுல வந்து நின்னுட்டாங்க. அதான் ஊரு."

இதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஜூலை 3, புதன்

காலை எட்டு ஐந்துக்குத் துறைக்குப் போனால் படகு எனக்காக இந்தக் கரையில் நிற்கிறது. "தெனம் வர்றவங்களுக்கு எதுக்கு சத்தம்? எட்டு அஞ்சுக்கு நான் இங்க இருப்பேன்" என்றார் கொளஞ்சி அக்கா. வேண்டாம் என்றேன். காதில் விழாத மாதிரி கழியை எடுத்தார். தொண்டை சரியானதா என்று அவர் இப்போது கேட்பதில்லை.

கடவுளே, நன்றி. இப்படி எழுதி ரொம்ப நாளாகிறது.

ஜூலை 10, புதன்

என் கூடப்பிறந்த சுசீலா அக்கா போன் செய்தாள். பதினைந்தாம் தேதி திருச்சிக்குப் போக வேண்டும் என்று நினைவூட்டினாள். அவள் மகளுக்கு ஐந்தாவது மாதம், வாந்தி நின்றுவிட்டதாம். அதைப் பற்றியே நான் அதிகம் கேட்டேன்.

ஜூலை 15, திங்கள்

போகவில்லை. உறைகிணற்றைப் படம் எடுக்க இன்றுதான் வெளிச்சம் சரியாக இருந்தது. மணலில் பாதி தூரம் போனதும் மூச்சு வாங்கியது. கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. குடித்துப் பார்த்தேன், நல்ல ருசி.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அழைப்பு. வகுப்பில் இருந்தேன்.

ஜூலை 31, புதன்

மேட்டூர் நிரம்பிவிட்டது. ஆறு நிறம் மாறிவிட்டது. காலையில் பச்சையாக இருந்த தண்ணீர் மாலையில் டீ போல இருந்தது. தண்டோரா போட்டார்கள். இங்கே தண்ணீர் ஏற இன்னும் இரண்டு நாள் ஆகும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி, மேலக்கரை கல்யாண மண்டபம்

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

விடுமுறை என்ற செய்தி வருவதற்கு முன்பே பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அமிர்தலிங்கம் சார் இந்தக் கரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மற்ற வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். என் முப்பத்தொரு பேரில் பெரும்பாலோரின் பெற்றோர் மேற்கே வாழைத்தோட்டங்களில் மோட்டார்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குத் தெற்குக் கிளை நிரம்பி, தோட்டத்துக்கும் பள்ளிக்கும் நடுவே தண்ணீர் புகுந்தது. அவர்களால் பள்ளிப் பக்கம் வர முடியவில்லை.

தண்ணீர் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. வைரக்கண்ணு எங்கிருந்தோ இடுப்பளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்து எதையோ கத்தினார். வாய் திறந்து மூடுவது மட்டும்தான் தெரிந்தது. நேற்று ஊரில் யாருக்கும் குரல் இல்லை.

நான் இரண்டு விரலைக் காட்டினேன். பிள்ளைகள் கைபிடித்துக்கொண்டார்கள். வரிசையாகத் துறைக்கு நடந்தோம். வழியில் கணுக்கால் ஆழத்தில் ஒரு பாம்பு குறுக்கே நீந்தியது. கையை உயர்த்தினேன். முப்பத்தொரு பேரும் நின்றார்கள். ஒருவர்கூட ஓடவில்லை. பாம்பு போனதும் நடந்தோம்.

தீயணைப்புப் படையின் ரப்பர் படகு ஒன்று வந்திருந்தது. அதில் பன்னிரண்டு பேரை ஏற்றினோம். கொளஞ்சி அக்கா தன் படகில் பத்துப் பேரை ஏற்றினார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினேன். படகின் அடித்தட்டில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நடு ஆற்றில் கழி தரை தட்டவில்லை. படகு பக்கவாட்டில் இழுபட்டுக் கிழக்கே போய், வளைவில் மறைந்தது.

மீதி ஒன்பது பேரும் நானும் வைரக்கண்ணுவும் நின்றோம். ரப்பர் படகு மறுபடி வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. கரை ஏறிய பிறகும் அந்தப் பத்துப் பேர் எங்கே என்று தெரியவில்லை. நான் கரைமேல் ஓடினேன். கூப்பிட்டுப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. ஒரு கிலோமீட்டர் கிழக்கே, ஒரு புளியமரத்தின் அடியில் படகைக் கட்டிவிட்டுக் கொளஞ்சி அக்கா நின்றுகொண்டிருந்தார். பத்துப் பேரும் வரிசையாக மேட்டில், அவர் தூக்கி இறக்கி வைத்த இடத்திலேயே, உட்கார்ந்திருந்தார்கள். நான் கையைக் கவிழ்த்தது கவிழ்த்ததுதான். எழுந்திருக்கச் சைகை வரவில்லையே என்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். பிறகு நானும் அவர்களோடு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொளஞ்சி அக்கா தன் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார்.

தோட்டத்தில் மாட்டிய பெற்றோரைச் சாயங்காலத்துக்குள் தென்கரை வழியாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊரில் ஒரு உயிரும் போகவில்லை. ஆடுகள் போயின, நாற்பது வீடுகள் போயின.

மலருக்காக எழுதிய நோட்டு பள்ளி மேசையிலேயே இருந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

மண்டபத்தில் நூற்று இருபது குடும்பம். பகலில் நானும் அமிர்தலிங்கம் சாரும் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறோம். நோட்டு போய்விட்டது என்று தெரிந்ததும், ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மறுபடி சொல்கிறார்கள். இந்த முறை யாரும் ராசாவைப் பற்றிப் பேசவில்லை. வைரக்கண்ணுவே வந்து உட்கார்ந்து, "பட்டயம்லாம் இல்ல டீச்சர். என் பாட்டன் அக்கரையில பண்ணை வீட்டுல அடி வாங்கிட்டு நீந்தி வந்தவரு. அத எப்புடிச் சொல்றதுன்னுதான்..." என்றார். எழுதலாமா என்றேன். "எழுதுங்க" என்றார்.

மதியம் கொளஞ்சி அக்கா என்னை மண்டபத்தின் பின்பக்கம் கூப்பிட்டார். வெள்ளத்தன்று நான் ஈரச் சேலை மாற்றும்போது கழுத்தைப் பார்த்திருக்கிறார்.

"இது எப்ப வெட்டுனது?"

"மார்ச்ல."

"என்ன வியாதி?"

நான் ரவிக்கையின் கழுத்தை இழுத்துவிட்டேன். "மறுபடி வரச் சொன்னாங்களா?" என்றார். "சொன்னாங்க." "போனீங்களா?" "மலர் வேலை இருந்துச்சு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து, தன் தங்கை பூமயிலைப் பற்றிச் சொன்னார். மார்பில் சுண்டைக்காய் அளவில் வந்ததாம். மூன்று வருஷம் யாரிடமும் காட்டவில்லை. "ஆத்தத் தாண்டிப் போவணுமேன்னு நெனச்சாளாக்கும்னு ஊரு பேசுச்சு. நான்தானே படகு ஓட்டுறேன்? தெனம் கூப்புட்டேன். தெனம் ஒரு வேலை சொல்லுவா. கள எடுக்கணும், மாடு கன்னு போடப் போவுது, சோறு வடிக்கணும். கடைசியா என் படகுலதான் கொண்டு போனேன், அப்ப அவளுக்கு வேலை ஒண்ணுமில்ல."

பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டார்.

"இப்ப ஆத்துல படகு போடக் கூடாதுன்னுட்டாங்க. நான் சும்மாத்தான் இருக்கேன். வியாழக்கெழம வர்றேன், கெளம்பி இருங்க டீச்சர்."

இது மலருக்கான செய்தி அல்ல. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

திருச்சி போய் வந்தோம். டாக்டர் சத்தம் போடவில்லை. தாமதத்தால் பெரிய நஷ்டம் இல்லை என்றார். வெட்டியெடுத்த தைராய்டில் மிச்சம் ஏதாவது ஒட்டியிருந்தால் அதைக் கரைக்கக் கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு முன் நாலு வாரம் தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டும். கடைசி இரண்டு வாரம் அயோடின் உப்பு, மீன், பால், முட்டை கூடாது.

குரலைப் பற்றியும் கேட்டேன். ஆபரேஷனில் நரம்பை எடுக்க வேண்டியிருந்தது, இனி இவ்வளவுதான் என்றார். மார்ச்சிலேயே சொல்லியிருப்பார்கள். நான்தான் கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கொளஞ்சி அக்கா கேட்டார்: "பேரு என்னா டீச்சர் அந்த வியாதிக்கு? சும்மா சொல்லுங்க, ஒட்டிக்காது."

புற்றுநோய் என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது இன்றுதான். இப்போது எழுதியும் விட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஊர் திரும்பிவிட்டது. பள்ளிச் சுவரில் ஜன்னல் மட்டத்துக்கு ஒரு சேற்றுக்கோடு. பெற்றோரே வந்து கழுவிவிட்டார்கள். வெள்ளம் வாழையை அழித்து, மேற்கு வயல்களில் ஒரு அடி வண்டலையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. வைரக்கண்ணு அதை அள்ளி என்னிடம் காட்டினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

மாத்திரையை நிறுத்தியதில் கை கால் கனக்கிறது. ஆகஸ்டில் குளிர்கிறது.

செப்டம்பர் 4, புதன்

உப்பு விலக்கு ஆரம்பித்து மூன்றாம் நாள். மதிய உணவைக் கொளஞ்சி அக்கா கொண்டுவருகிறார், தனிச் சட்டியில் சமைத்தது. அயோடின் சேர்க்காத உப்பாக வேண்டும் என்று உப்பளத்துக்குப் போய்வந்த லாரிக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். இன்று பூசணிக் கூட்டு. சாப்பிட்டு முடித்ததும் நன்றி என்றேன். "கூட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க, அது போதும்" என்றார். நல்லா இருந்தது.

செப்டம்பர் 14, சனி

சுசீலா அக்கா அழுதாள். மருந்து கொடுத்து வெளியே விட்ட பிறகும் உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், ஒரு வாரத்துக்கு நான் யார் பக்கத்திலும் இருக்கக் கூடாது, கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் கூடவே கூடாது. அவள் வீட்டில் மகள் ஏழு மாதம். என் வாடகை அறையின் கீழ்வீட்டில் கைக்குழந்தை. எங்கே போவாய் என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ஏதாவது லாட்ஜ் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

படகில் இருந்தபடியே பேசினேன். கொளஞ்சி அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் மலர்க் கட்டுரையை முடித்து அமிர்தலிங்கம் சாரிடம் கொடுத்துவிட்டேன். இப்படி ஆரம்பித்திருக்கிறேன்:

"நடுப்படுகைக்குப் பட்டயம் இல்லை. இரண்டு கரையிலும் இடம் மறுக்கப்பட்டவர்கள் நடுவில் வந்து நின்றார்கள். அவர்கள் நின்ற இடம் ஊராயிற்று. ஆறு மூன்று முறை அவர்களை நகர்த்தியது. நகர்ந்த ஒவ்வொரு முறையும் அவர்கள் முதலில் கட்டியது பள்ளிக்கூடம்."

சார் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். "கடைசி வரி உண்மையா?" என்று கேட்டார். மூன்று குடும்பத்தில் தனித்தனியாகக் கேட்டேன், மூவரும் அதையே சொன்னார்கள் என்றேன்.

செப்டம்பர் 17, செவ்வாய், திருச்சி

நேற்று மருந்து கொடுத்தார்கள். ஈயப் பெட்டியிலிருந்து எடுத்த ஒரே ஒரு மாத்திரை. கொடுத்தவர் உடனே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மூன்று நாளைக்கு ஒரு முகம் பார்க்க முடியாது.

ஜன்னல் வழியே வாகனம் நிறுத்துமிடம் தெரிகிறது. ஒரு வேப்பமரம். அதன் அடியில் நேற்றுக் காலை முதல் கொளஞ்சி அக்கா உட்கார்ந்திருக்கிறார். படகை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று போனில் கேட்டேன். "வைரக்கண்ணு தள்ளுறாரு. ரெண்டு தடவ மணல்ல ஏத்திட்டாராம். ஊரே சிரிக்குது."

"நீங்க போங்கக்கா. இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க?"

"நான் என்னத்த செய்யுறேன்? உக்காந்திருக்கேன்."

செப்டம்பர் 19, வியாழன்

கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, போகலாம் என்றார்கள். ஸ்கேனில் கழுத்தில் மட்டும் சிறு துளி தெரிகிறது. வேறெங்கும் பரவவில்லை. துளியையும் இந்த மருந்தே கரைத்துவிடும், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். யாரிடமிருந்தும் ஆறடி தள்ளியே இருங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

வாசலில் கொளஞ்சி அக்கா எழுந்து நின்றார். பக்கத்தில் வர ஓரடி எடுத்து, நினைவு வந்து நின்றுவிட்டார். அவர் முன்னே நடந்தார், நான் பின்னே. ஒரு வேன் பேசி வைத்திருந்தார். அவர் டிரைவர் பக்கத்தில், நான் கடைசி இருக்கையில். எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"வைரக்கண்ணு தோட்டத்து மோட்டார் கொட்டாய வெள்ளையடிச்சு வச்சிருக்கோம். கட்டில் போட்டாச்சு. பக்கத்துல வீடு கெடையாது, புள்ளைங்க வராது. சோத்த வரப்புல வச்சுட்டுக் கூப்புடுவோம். ஒரு வாரம்தானே."

 

துறையில் ஏழெட்டுப் பேர் படகுக்கு நின்றிருந்தார்கள். பால்காரர், வாக்காளர் அட்டை எடுக்கப் போய்வந்த இரண்டு பெண்கள், உர மூட்டையோடு ஒருவர். எங்களைப் பார்த்ததும் எல்லாரும் ஒதுங்கி மேட்டில் ஏறிக்கொண்டார்கள். "நீங்க போங்க டீச்சர், நாங்க அடுத்த நடை வர்றோம்" என்றார் பால்காரர். வைரக்கண்ணு கழியை மணலில் ஊன்றிவிட்டு அவர்களோடு போய் நின்றுகொண்டார்.

நான் ஏறி ஒரு ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். மூன்று நாளாகவே அப்படித்தான் உட்கார்ந்து பழகியிருந்தேன், எதிலும் படாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு. கொளஞ்சி அக்கா மறுமுனையில் ஏறிக் கழியை எடுத்தார்.

"டாக்டரு எத்தினி அடி சொன்னாரு?"

"ஆறு."

"என் படகு பதினெட்டு அடி டீச்சர். தாராளமா உக்காருங்க."

கால்களை நீட்டி, தாராளமாக உட்கார்ந்தேன்.